குன்னூர் வெல்ஷ் டியூஷன்: எட்டு சனிக்கிழமை, ஒரே ஒரு நாய்

போன வருஷம் ஜூலைல என் பொண்ணு பிரிட்டன்ல இருக்கிற வேல்ஸ் போனா, அங்க இங்கிலீஷோட வெல்ஷ்னு சொந்த மொழியும் உண்டு. பாங்கர்னு வடக்கு ஓரத்துல ஒரு சின்ன ஊரு, அங்க வயசானவங்க வார்டுல நர்ஸ் வேலை. போய் ரெண்டு மாசம் இருக்கும், ஒரு நாள் நைட் டியூட்டி முடிச்சிட்டு போன் பண்ணினா, குரலே சரியில்ல. என்னம்மான்னு கேட்டதுக்கு, "அப்பா, இங்க ஒரு பாட்டிம்மா, மறதி நோய், இங்கிலீஷ் சுத்தமா மறந்து போச்சு, சின்ன வயசுல பேசின வெல்ஷ் மட்டும்தான் இருக்கு, ராத்திரி பூரா ஒரே கேள்விய கேட்டு கேட்டு அழுதாங்க, எனக்கு ஒண்ணும் புரியல, காலைல உள்ளூர் நர்ஸ் வந்துதான் சொன்னா, அவங்க என் நாய் எங்கன்னு கேட்டிருக்காங்க"ன்னா. அப்புறம் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "நாய்க்கு வெல்ஷ்ல கீன்னு எனக்கு தெரியும்ப்பா, வந்ததும் படிச்ச மொத பத்து வார்த்தைல அதுவும் ஒண்ணு, ஆனா அவங்க கீன்னு சொல்லவே இல்லியே, ங்ஹீ ங்ஹீன்னு ஏதோ சொன்னாங்க"ன்னா.

கீ எப்படி ங்ஹீ ஆகும்? நான் கோத்தகிரில 31 வருஷம் தமிழ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன், புணர்ச்சி விதி நடத்தி நடத்தியே தொண்டை போனவன், இந்த ஒரு கேள்வி என்னை தூங்க விடல. அப்பதான் குன்னூர்ல பெட்போர்டு பக்கம் ஒரு வீட்டுல வெல்ஷ் சொல்லிக் குடுக்கிறாங்கன்னு பொண்ணோட ஃப்ரெண்டு ஒருத்தி சொன்னா, நேரா போய் சேர்ந்துட்டேன். எட்டு கிளாஸ் முடிஞ்சிருச்சு. நம்ம பக்கத்துல இருந்து நிறைய பிள்ளைங்க இப்ப வேல்ஸ் போறாங்க (2024ல வேல்ஸ் அரசு கேரளாவோட ஒப்பந்தம் போட்டு 250 பேர் வரைக்கும் எடுக்கிறதா சொன்னப்ப கூடலூர்ல இருந்தும் விசாரிச்சாங்க), அவங்களுக்கு உதவும்னுதான் இதை எழுதுறேன்.

சொல்லிக் குடுக்கிறவங்க நம்ம குன்னூர்க்காரங்கதான், தெற்கு வேல்ஸ்ல 19 வருஷம் நர்சா இருந்துட்டு திரும்பி வந்தவங்க, அங்கயே சாயங்கால கிளாஸ்ல வெல்ஷ் கத்துக்கிட்டவங்க. எல்லாரும் சிஸ்டர்னுதான் கூப்பிடுறோம். அவங்க பேரை இங்க போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. எங்க பேட்ச்ல ஆறு பேரு: மூணு நர்ஸ் பிள்ளைங்க, முதியோர் இல்லத்துல வேலைக்குப் போற ஒரு தம்பி, மேல்படிப்புக்குப் போற ஒரு படுகர் பொண்ணு, அப்புறம் நான். சனிக்கிழமை சனிக்கிழமை மதியம் ரெண்டு மணி நேரம், மொத்தமா எட்டு கிளாஸுக்கு 2,000 ரூபா.

மொத நாள் சிஸ்டர் போர்டுல ஒரே ஒரு சொல்லை எழுதினாங்க. அதே கீ. "இந்த எட்டு வாரமும் இந்த நாயோடதான் இருக்கப் போறோம், இது எங்கெங்க போகுதோ நாம பின்னாடியே போவோம், இது புரிஞ்சா பாதி வெல்ஷ் புரிஞ்ச மாதிரி"ன்னாங்க. எனக்கு சந்தேகமாதான் இருந்துச்சு. பணம் குடுத்து வந்திருக்கிற பிள்ளைங்களுக்கு ஒரு சொல் போதுமா, குட் மார்னிங் தேங்க்யூ எல்லாம் வேண்டாமான்னு நினைச்சேன். மூணாவது வாரம் வரைக்கும்தான் அப்படி நினைச்சேன்.

இதை தமிழ்ல எழுதுறதுல ஒரு சிக்கல் இருக்கு, அந்த சிக்கல்தான் விஷயமே, அதனால பொறுமையா படிங்க. நம்ம எழுத்துல க ஒண்ணுதான். கல்லுன்னு சொல்லும்போது வர்ற அழுத்தமான க வேற, பகல்னு சொல்லும்போது நடுவுல மெலிஞ்சு வர்ற க வேற, பங்குன்னு ங-வுக்கு அப்புறம் வர்ற க வேற. காது கேட்குது, எழுத்து காட்டாது. தமிழ் தாய்மொழியா இருக்கிறவனுக்கு காட்டவும் தேவையில்ல, இடத்தைப் பாத்தே நாக்கு தானா மாத்திக்கும். வெல்ஷ்ல இதே மாதிரிதான் க மாறுது, ஆனா அவங்க ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுத்தையே மாத்தி எழுதுறாங்க, அதுவும் சொல்லோட மொத எழுத்தையே. அதனாலதான் புதுசா படிக்கிறவன் அகராதில தேடினா கிடைக்காம முழிக்கிறான். இங்க நான் நாலு விதமா எழுதுறேன்: அழுத்தமான அசல் சொல் "கீ", கங்கைல மொத எழுத்தா வர்ற மாதிரி மெலிஞ்சதுக்கு சுலோக புத்தகத்துல நம்பர் போடுற மாதிரி "கீ3", தொண்டைல இருந்து காத்தோட உரசி வர்றதுக்கு எஃகுல இருக்கிற ஆய்தத்தை வச்சு "ஃகீ", மூக்கோட மூச்சும் சேர்ந்து வர்றதுக்கு "ங்ஹீ". நாலும் ஒரே நாய்தான்.

இப்ப யாரோட நாய்னு பாருங்க. என் நாய் "வ ங்ஹீ". உன் நாய் "ட கீ3". அவனோட நாய் "இ கீ3". அவளோட நாய் "இ ஃகீ". எங்க நாய், உங்க நாய், அவங்க நாய் மூணுக்கும் அசல் "கீ" அப்படியே நிக்கும். இதுல அவனோட, அவளோட ரெண்டையும் கவனிங்க, முன்னாடி வர்ற "இ" ரெண்டுக்கும் ஒண்ணுதான், எழுதுறதும் ஒண்ணுதான், நாயோட மொத எழுத்து மெலிஞ்சா எஜமான் ஆம்பளை, உரசினா எஜமானி பொம்பளை. சொந்தக்காரர் ஆணா பெண்ணாங்கிறத நாய் சொல்லுது!

என் பொண்ணு கேட்ட "ங்ஹீ" என்னன்னு ரெண்டாவது கிளாஸ்லயே புரிஞ்சிருச்சு. பேச்சுல முன்னாடி இருக்கிற அந்த "வ" விழுந்துடுமாம், அழுதுக்கிட்டே பேசுற வயசானவங்க வாயில கேக்கவே வேண்டாம். பின்னாடி வர்ற சின்ன "இ"யும் நாயோட ஈகாரத்துலயே கரைஞ்சிடும். அப்ப "என்"ங்கிற சொல்லே அங்க இல்ல, க இருந்த இடத்துல வந்து உட்கார்ந்த அந்த மூக்கொலி ஒண்ணுதான் "என்". அந்தப் பாட்டிம்மா நாயைக் கேக்கல, என் நாயைக் கேட்டாங்க. கிளாஸ்ல எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, சிஸ்டர் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம டீ போட எழுந்து போனாங்க.

ஏன் இப்படி மாறுதுங்கிறதுக்கு அவங்க சொன்ன விளக்கம்தான் இந்த டியூஷனோட உயிர், இதுக்காகவே 2,000 ரூபா குடுக்கலாம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்த, வெல்ஷுக்கு மூதாதையான பழைய கெல்டிக் மொழில "அவனோட"ங்கிற சொல் உயிரெழுத்துல முடிஞ்சிருக்கு, எஸ்யோ மாதிரி. "அவளோட"ங்கிறது ஸ்-ல முடிஞ்சிருக்கு, எஸ்யாஸ் மாதிரி. சமஸ்கிருதத்துல அஸ்ய, அஸ்யாஹ்னு வருது பாருங்க, அதோட ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி. "என்"ங்கிறது ன் ஒலியில முடிஞ்சிருக்கு. உயிருக்கு அப்புறம் வந்த க ரெண்டு உயிருக்கு நடுவுல மாட்டி மெலிஞ்சிருச்சு, நம்ம பகல் மாதிரியே. ஸ்-க்கு அப்புறம் வந்தது உரசலா ஆயிடுச்சு, ன்-க்கு அப்புறம் வந்தது மூக்குக்குள்ள போயிடுச்சு. அப்புறம் காலப்போக்குல அந்த முன் சொல்லுங்களோட கடைசிப் பகுதி எல்லாம் தேய்ஞ்சு உதிர்ந்து ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே "இ"யா நின்னுடுச்சு, ஆனா அது பக்கத்து சொல்லுல போட்ட தழும்பு மட்டும் அப்படியே இருக்கு.

நான் எழுந்து நின்னே சொல்லிட்டேன், சிஸ்டர் இது நிலைமொழி வருமொழி! நிலைமொழியோட ஈறு செத்துப் போயும் வருமொழியோட முதல் மட்டும் விகாரப்பட்டே வாழுதுன்னு. மரம் கூட கிளை சேர்ந்தா மரக்கிளை, ம் போய் க் வந்துச்சு. இன்னும் ஆயிரம் வருஷத்துல தமிழ்ல அந்த மரத்தோட கடைசி எழுத்துங்க எல்லாம் உதிர்ந்து, எந்த மரத்துக்குப் பின்னாடி வந்தா கிளை எப்படி அழுந்தும்னு மட்டும் மிச்சம் இருந்தா எப்படி இருக்கும், அதுதான் வெல்ஷ். சிஸ்டர் சிரிச்சிட்டு, "சார், போர்டுக்கு வாங்க, நீங்களே சொல்லுங்க"ன்னு சாக்பீஸை கையில குடுத்துட்டாங்க. அன்னைக்கு அரை மணி நேரம் நான் புணர்ச்சி நடத்தினேன். மூக்குக்குள்ள போறதுக்கு உதாரணம் வெளிய தேட வேண்டியதில்ல, நம்ம கூடலூர்ல மலையாளம் பேசுறவங்க வீட்டுக்குப் போங்க, நாம நாங்கள்னு சொல்றத அவங்க ஞங்ஙள்னு சொல்வாங்க, அந்த க எங்க போச்சு? ங-வுக்குள்ள போச்சு. வெல்ஷ் அகரவரிசைல கூட க3 எழுத்துக்கு அடுத்து ங் ஒலிக்குத் தனி இடம், நம்ம க ங மாதிரியே. இந்த வரிசை மேகாலயா காசி மொழிலயும் இருக்கு, ஏன்னா 1841ல சிரபுஞ்சிக்குப் போய் அந்த மொழிக்கு ரோமன் எழுத்து வகுத்த தாமஸ் ஜோன்ஸ் வேல்ஸ்காரர்.

எண்ணிக்கை ஒரு முழு கிளாஸ். ஒரு நாய் "ஈன் கீ", ரெண்டு நாய் "டை கீ3", மூணு நாய் "ட்ரீ ஃகீ", நாலுக்கு மறுபடி "கீ", ஆறுக்கு மறுபடி "ஃகீ". மூணு ஏன் உரசுதுன்னா அதே காரணம்தான், பழைய மூணு ஸ்-ல முடிஞ்சிருக்கு, லத்தீன் ட்ரேஸ்ல இன்னும் அந்த ஸ் இருக்கு. இங்க நமக்கு ஒரு பெரிய சவுகரியம், எண்ணுக்கு அப்புறம் அவங்க ஒருமைதான் போடுறாங்க. மூணு நாய் வந்துச்சுன்னு நாம சொல்ற மாதிரி. இங்கிலீஷ்ல இருந்து போறவங்க மூணு நாய்கள்னு பன்மை போட்டு தப்பு பண்ணுவாங்களாம், எங்க பேட்ச்ல ஒருத்தர் கூட அந்தத் தப்பை பண்ணல. அதே மாதிரி "ஒரு"வுக்குன்னு தனிச் சொல் தேவையில்ல, நாய் குரைக்குதுன்னா நாய் குரைக்குதுதான். அந்த குறிப்பிட்ட நாய்ன்னு சொல்லணும்னா மட்டும் முன்னாடி "அ" சேர்த்து "அ கீ". அந்தன்னு சொல்ற நம்ம அகரச்சுட்டு மாதிரியே காதுல விழுது, ஆனா ரெண்டுக்கும் உறவு கிடையாது, தற்செயல்தான்னு சிஸ்டர் அழுத்திச் சொன்னாங்க. கேட்கிற ஒத்துமைய எல்லாம் உறவுன்னு சொல்றவங்க நம்ம ஊர்ல நிறைய, அதனால இதைச் சொன்னது எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

இன்னொண்ணு. வெல்ஷ்ல "ஹேவ்" கிடையாது. எனக்கு நாய் இருக்கு, எங்கிட்ட நாய் இருக்குன்னுதான் சொல்லணும். வடக்குல "மை கெ3ன் இ கீ3", தெற்குல "மை கீ டா வீ", ரெண்டுமே எங்கிட்ட நாய் இருக்கு. இங்கிலீஷ் வழியா போகாம நேரா தமிழ்ல இருந்து போங்கன்னு சிஸ்டர் அடிக்கடி சொல்றது இதுக்குத்தான். எல்லாமே ஒத்துப் போகும்னு நினைச்சிடாதீங்க, டாக்டரோட நாய்னு நாம டாக்டரை முன்னாடி வைப்போம், அவங்க நாயை முன்னாடி வைப்பாங்க, கறுப்பும் நாய்க்குப் பின்னாடிதான் வரும். அப்புறம் பால். நமக்கு நாயும் பூனையும் அஃறிணை, அவ்வளவுதான். அவங்களுக்கு பலகையும் பாலமும் கூட ஆண்பால் பெண்பால். கீ ஆண்பால், அதனால "அ" முன்னாடி வந்தாலும் அசையாது. பூனை, "காத்", பெண்பால், "அ" வந்த உடனே "அ கா3த்"னு மெலிஞ்சிடும்.

பன்மைக்கு வருவோம், பூர்வீகம் அங்கதான் இருக்கு. கீ-யோட பன்மை "கூன்". மொத தடவை கேட்டப்ப தம்பி ஒருத்தன் முதுகுல இருக்கிற கூனான்னு கேட்டான். கீ எங்க கூன் எங்க, ஒட்டவே இல்லியே? பழைய கெல்டிக்ல நாய் "கூ", அதோட மத்த உருபுகள்ல எல்லாம் ன் வரும், குன்-னு. வெல்ஷ்ல தனியா நின்ன பழைய ஊகாரம் ஈகாரமா மாறிச்சு, அதனால ஒருமை கீ ஆயிடுச்சு. பன்மைல இருந்தது குன்-ல வர்ற குறில் உகரம், அது ஈகாரமா மாறாததால கூன் ஆயிடுச்சு. ஐரிஷ்ல இன்னும் வேட்டைநாய் "கூ"தான். இப்ப நம்ம ஊருக்கு வாங்க. பைரவர் வாகனம் என்ன? சுவானம். நாய்க்கு வடமொழி வழியா வந்த இன்னொரு பேர் சுனகன். சமஸ்கிருதத்துல எழுவாயா நின்னா ச்வா, வேற்றுமை ஏறினா சுனஹ், அங்கயும் இதே கூத்துதான், ஒண்ணுல ன் இல்ல, இன்னொண்ணுல ன் இருக்கு. கூன்ல இருக்கிற ன்-னும் சுனகன்ல இருக்கிற ன-வும் ஒரே வேர்ல இருந்து வந்தது. அங்க க, இங்க ச எப்படின்னா, வெல்ஷுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுவான மூல மொழில இருந்த ஒருவித க ஒலி மேற்க க-வாவே நின்னுச்சு, கிழக்க ச ஆச்சு. நூறுக்கு நாம சதம்னு கடன் வாங்கி வச்சிருக்கோமே, வெல்ஷ்ல நூறு "கான்ட்". லத்தீன் கானிஸ், கிரேக்கத்துல கியூவோன், ஜெர்மன்ல ஹுன்ட், இங்கிலீஷ் ஹவுண்ட், எல்லாம் இந்த ஒரே குட்டி போட்ட குட்டிங்க. நம்ம நாய் வேற வம்சம், கன்னடத்துல நாயி, எங்க பேட்ச் படுகர் பொண்ணும் வீட்டுல நாயின்னுதான் சொல்வோம்னா. பைரவர் கோயில் வாசல்ல நின்னு சுவானம்னு சொல்லும்போது வேல்ஸ்ல ஒரு ஆட்டுக்காரன் கூப்பிடுற சொல்லைத்தான் நாமளும் சொல்றோம்னு நினைச்சாலே எனக்கு உடம்பு சிலிர்க்குது.

கூட்டுச்சொல் கிளாஸ் ரொம்ப சந்தோஷமா போச்சு. இங்கிலாந்து ராணி வளர்த்த குட்டைக்கால் நாய், ஊட்டி டாக் ஷோ பக்கம் போனவங்களுக்குத் தெரியும், கார்கி. அது வெல்ஷ் சொல்லு. "கோர்"னா குள்ளம், கூட கீ சேர்ந்தா கீ3 ஆகி கோர்கி3, குள்ளநாய். இத்தனை வருஷம் உலகம் பூரா சொல்லிக்கிட்டு இருக்கிற பேருக்குள்ள ஒரு புணர்ச்சி உட்கார்ந்திருக்கு. சுறா மீனுக்கு "மோர்கி3", கடல்நாய். அடுத்ததை சிஸ்டர் போர்டுல எழுதிட்டு அர்த்தம் சொல்லாம எங்களைப் பாத்தாங்க: "டவ்ர்கி3", தண்ணிக்கான சொல்லும் நாயும் சேர்ந்தது. ஆறு பேரும் ஒரே நேரத்துல "நீர்நாய்"னு கத்தினோம். மாயாறுல மீன் பிடிக்குதே அதே நீர்நாய்தான். ரெண்டு ஊர்க்காரனும் ஒருத்தனை ஒருத்தன் பாக்காமலே அந்தப் பிராணிக்கு ஒரே பேரை வச்சிருக்கான்.

நாய்னு பேர் வச்சா நமக்கு வசவு. பழைய வேல்ஸ்ல அது ராஜா பேரு. என் பொண்ணு இருக்கிற பாங்கர் பகுதிக்கு க்வினெத்னு பேரு, அந்த நாட்டை ஆறாம் நூற்றாண்டுல ஆண்ட அரசன் மைல்கு3ன், பழைய வடிவம் மாக்லோகுனஸ், அரசநாய்ன்னு வச்சுக்கலாம், அந்த "குன்" நம்ம கீதான். அதே வட்டாரத்துல பெத்கெலர்ட்னு ஒரு ஊரு, கெலர்ட்டோட கல்லறைன்னு அர்த்தம். இளவரசன் வேட்டைக்குப் போன நேரத்துல கெலர்ட்னு ஒரு நாய் தொட்டில் குழந்தைய ஓநாய்கிட்ட இருந்து காப்பாத்துது, வாயில ரத்தத்தோட வந்த நாயைப் பாத்து குழந்தைய கொன்னுடுச்சுன்னு நினைச்சு அவன் வெட்டிடுறான். அட இது நம்ம கீரிப்பிள்ளை கதைதானே, பால்வாடில இருந்து கேட்டதாச்சே! ஊர் ஊரா அலைஞ்ச கதை அங்க போய் நாயா பிறந்திருக்கு. அந்தக் கல்லறைய 18ம் நூற்றாண்டு கடைசியில அந்த ஊர் விடுதிக்காரர் சுற்றுலாவுக்காக உண்டாக்கினார்னுதான் பொதுவா சொல்றாங்க, ஆனாலும் என் பொண்ணு லீவு நாள்ல போய் பாத்துட்டு படம் அனுப்பினா.

குறைகளையும் சொல்லணும். பெரிய குறை, சிஸ்டர் தெற்கு வேல்ஸ்ல இருந்தவங்க, அவங்க வாயில வர்றது தெற்கு வழக்கு. எங்கிட்ட நாய் இருக்குன்னு மேல ரெண்டு விதமா எழுதினேனே, அது மாதிரி தினசரி பேச்சுல நிறைய மாறுது, குடிக்கிற பாலுக்குக் கூட சொல் வேற வேற, டீ குடிக்கலாமான்னு கேக்கிறதுக்கு தெற்குல "டிஷ்கிளெட்", வடக்குல "பனட்". பாங்கர் பக்கம் போறவங்களுக்கு இது முக்கியம், ஏன்னா க்வினெத்லதான் வெல்ஷ் ரொம்ப உயிரோட இருக்கு, 2021 கணக்கெடுப்புல வேல்ஸ் முழுக்க நூத்துக்கு கிட்டத்தட்ட 18 பேர்தான் பேசுறாங்க, க்வினெத்ல 64 பேர். கேட்டா சிஸ்டர் ரெண்டையும் எழுதிப் போடுவாங்க, கேக்கணும். அடுத்த குறை, அச்சடிச்ச நோட்ஸ் எதுவும் கிடையாது, போர்டுல எழுதுறத நாமதான் எழுதிக்கணும், வேகமா அழிச்சிடுறாங்க. ஒலிப்பதிவு குடுத்தா வீட்டுல கேட்டுப் பழகலாம், அந்த ஃகீ-யும் ங்ஹீ-யும் எழுத்துல பாத்தா வராது, வாய்ல வச்சு திருப்பித் திருப்பி சொன்னாதான் வரும், எனக்கே ங்ஹீ சரியா வர அஞ்சு வாரம் ஆச்சு. நவம்பர் மழைல கோத்தகிரி ரோட்டுல மரம் சாஞ்சு ரெண்டு சனிக்கிழமை போக முடியல, அதுக்கு ஈடா ஞாயித்துக்கிழமை தனியா எனக்கு மட்டும் நடத்தினாங்க, காசு வாங்கல. ரூம் வடக்கு பார்த்தது, மதியம் மூணு மணிக்கே கை விறைக்கும், சால்வை இல்லாம போகாதீங்க. டீயும் வர்க்கியும் நடுவுல வரும், அது ஃபீஸ்ல சேர்ந்தது.

பேசவே தெரியாம வெளிநாடு போறவங்களுக்கு அவசரத்துக்கு நாலு வாக்கியம் மனப்பாடம் பண்ணிக் குடுக்கிற இடம் இது இல்ல. அது போனுல இருக்கிற ஆப்லயே கிடைக்கும். ஆனா என் பொண்ணு அந்த மாதிரி மனப்பாடம் பண்ணிட்டுத்தான் போனா, சொல்லு தெரிஞ்சும் அது உருமாறி வந்தப்ப அவளால அடையாளம் கண்டுக்க முடியல. ஒரே சொல் எப்படி எல்லாம் வேஷம் மாத்தும்னு ஒரு தடவை பிடிபட்டா, அடுத்து பூனை, அம்மா, தலை, கால், எந்தச் சொல் மாறி வந்தாலும் உள்ள இருக்கிறது யாருன்னு தெரிஞ்சிடும். வலிக்குதுன்னு ஒரு வயசானவங்க தன் தலைய சொல்லும்போது மொத எழுத்து மாறிப் போச்சுன்னு நர்ஸுக்கு புரியாம போகக் கூடாது இல்லியா.

அஞ்சாவது கிளாஸ் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி பொண்ணுக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். அவ அந்தப் பாட்டிம்மாவோட மகன்கிட்ட விசாரிச்சிருக்கா, நாய் பக்கத்து வீட்டுல நல்லாத்தான் இருக்கு, தினமும் நடக்கக் கூட்டிட்டுப் போறாங்க. பாட்டிம்மாகிட்ட அதை எப்படிப்பா சொல்றதுன்னு கேட்டா. நான் சிஸ்டர்கிட்ட கேட்டேன். நீங்கன்னு மரியாதையா பேசணும், அவங்க ஊர்லயும் நீ, நீங்க இருக்கு, "டீ"யும் "ஃகீ"யும், பெரியவங்களுக்கு டீ போடக் கூடாதுன்னு சொல்லி எழுதிக் குடுத்தாங்க: "மை ஐஃக் கீ ஃகீ ன் யவ்ன்". உங்க நாய் நல்லா இருக்கு. இதுல நடுவுல வர்ற கீ நாய், அடுத்து வர்ற ஃகீ நீங்க. "அவளோட நாய்"ல வர்ற அதே ஒலி, ஆனா இங்க அது நாயே இல்ல, எதிர்ல இருக்கிற பெரியவங்க. இதை மாத்திச் சொல்லிடக் கூடாதேன்னு பொண்ணும் நானும் போன்லயே இருபது தடவை சொல்லிப் பாத்தோம். மறுநாள் நைட் டியூட்டில அவ சொல்லியிருக்கா. பாட்டிம்மா அவ கையைப் பிடிச்சுக்கிட்டு தூங்கிட்டாங்களாம். இப்ப தினமும் ராத்திரி கேக்கிறாங்க, தினமும் இவ சொல்றா.

அடுத்த பேட்ச் மார்ச்ல ஆரம்பிக்குது, ஆறு பேருக்கு மேல சேர்க்க மாட்டாங்க, வடக்கு வேல்ஸ் போறவங்க மொத நாளே அதைச் சொல்லிடுங்க, அப்பதான் அந்த வழக்கையும் சேர்த்து எழுதுவாங்க. கோத்தகிரில இருந்து வர்றவங்க மதியம் பன்னெண்டரைக்கு முன்னாடி பஸ் ஏறினா நிதானமா வந்து சேரலாம். நான் மறுபடி சேர்ந்திருக்கேன், இந்தத் தடவை பூனை.